நீலப் பெயிண்ட் அடித்த சங்கிலி

என் கணவரின் அண்ணனை நான் பழிவாங்கினேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை கேட்டுவிட்டு யாரும் எனக்கு நல்லவள் பட்டம் கட்டிவிடக் கூடாது.

பண்ணையில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. வீடு இரண்டு, கேட் ஒன்று. சாமான் வாங்குவது அவர் பொறுப்பு. வெயிலில் நின்று வேலை பார்ப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பாகப் பிரிவினையை யார் செய்தார்கள் என்று கேட்காதீர்கள். பெரியவர்தான் செய்தார்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் அவர். நைந்த பெல்ட், பல் போன ரம்பம், அடி ஓட்டையான டிரம், எதைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். பிறகு "இன்னும் தாங்கும்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

தோட்டத்தில் பட்டுப்போன மரங்களை வெட்டிய பிறகு அடிக்கட்டைகள் மண்ணுக்குள் நின்றன. அவற்றைச் சங்கிலி கட்டி டிராக்டரால் பிடுங்க வேண்டும். சங்கிலி என்றால் நாய்ச் சங்கிலி இல்லை. கட்டைவிரல் தடிமனில் வளையம் வளையமாக, ஒரு ஆள் தோளில் போட்டால் கூனிப்போகிற கனம். டிராக்டரை ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் கட்டையோரம் நின்று, சங்கிலி மேலே வழுக்கி வராதபடி கடப்பாரையால் அழுத்திப் பிடிப்பார். எங்கள் பண்ணையில் அப்படித்தான் வழக்கம். அழுத்துகிற ஆள் எப்போதும் என் வீட்டுக்காரர்தான்.

சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றினால்தான் ஓட்டுவேன் என்று டிரைவர் முரண்டு பிடித்தார். என் வீட்டுக்காரரும் அண்ணனிடம் போய்ச் சொன்னார். அடுத்த வாரமே பெரியவர் பளபளவென்று நீலப் பெயிண்ட் அடித்த சங்கிலியோடு வந்து இறங்கினார். புதுசு வாங்கிவிட்டாராம், துருப் பிடிக்காமல் இருக்கத் தன் கையாலேயே பெயிண்டும் அடித்துவிட்டாராம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, அண்ணன் மனசு மாறிவிட்டது பார் என்று சந்தோஷப்பட்டார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

அதைக் கட்டி இழுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. இழுக்கும்போது சங்கிலி அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து அவர் முழங்காலை அடித்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: புத்தம் புதுச் சங்கிலி, இவன்தான் கோணலாக மாட்டிவிட்டான், எதிலும் அவசரம். அழுகிற வாயாலேயே பழியைத் தம்பி தலையில் கட்டினார். வந்தவர்கள் ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்திருந்த மனிதருக்கு அவசரக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரை அடிக்கட்டையாக வைத்துக்கொண்டு, விரலால் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். "இப்படித்தான் மாட்டினேன். இல்ல, இப்படியா? நான்தான் தப்பா மாட்டிட்டேன் போல" என்பார். தட்டில் போட்டது ஆறிப்போகும். போன கால் போனதுதான். ஆனால் செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு மனிதர் தினமும் தன்னையே போட்டுத் தின்றுகொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்ன செய்வாள்?

அறுந்த சங்கிலியில் ஒரு பாதி கட்டையிலேயே சுற்றிக் கிடந்தது. அதை நான் சாக்கில் போட்டு எடுத்துவந்து பின்கட்டில் எறிந்திருந்தேன். ஒரு நாள் துணி துவைக்கும்போது பார்த்தால், நீலம் உரிந்த இடத்தில் அடியில் கருந்துரு தெரிந்தது. புதுச் சங்கிலிக்குக் கருந்துரு ஏது? மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். வளையமும் வளையமும் உரசும் இடத்தில் இரும்பு பாதிக்குப் பாதி இல்லை. வெளியே தடிமனாகத்தான் இருந்தது. உள்பக்கம் மட்டும் கரைந்திருந்தது.

சந்தேகம் தீரவில்லை. டவுனில் இரும்புச் சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதே ரகத்தில் புதுசு ஒன்றை எடுத்துத் தரையில் பக்கத்தில் போட்டார். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வளையங்களை எண்ணி வைத்துப் பார்த்தால், என்னுடையது ஒரு சாணுக்கு மேல் நீளமாகக் கிடந்தது. தேயத் தேயச் சங்கிலி நீளும் என்றார். இழுக்கிற வேலைக்கு இது எமன், எடைக்குப் போடுங்கள், மனசு வரவில்லையென்றால் கேட்டில் பூட்டு மாட்ட வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

பழசுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் புதுசு என்று சொல்லியிருக்கிறார். தம்பியைப் பக்கத்தில் நிற்கவும் வைத்திருக்கிறார்.

நேரே போய் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன சொல்வார்? கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்பார். நாக்கில் நரம்பில்லாத மனிதர். நான் சொன்னால் அது பொம்பளை வாய். அவர் வாயாலேயே வர வேண்டும். என் வீட்டுக்காரர் காது கேட்க வர வேண்டும்.

அதனால் புதுச் சங்கிலி ஒன்று வாங்கினேன். ஷெட்டில் ஆணியில் பெரியவருடைய மிச்சப் பாதி தொங்கியது. அறுந்த முனையில் வளையத்துக்குப் பதிலாகப் போல்ட் போட்டு, அதற்கும் நீலம் அடித்து வைத்திருந்தார். மிச்சக் கட்டைகளையும் அதை வைத்தே பிடுங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயிண்ட் டப்பா அங்கேயே அலமாரியில் இருந்தது. அவர் எதைத் தூக்கிப் போட்டார், இதைப் போட? அந்தப் பாதி நீளத்துக்கே வாங்கிய என் சங்கிலிக்கும் அதே நீலத்தை அடித்தேன். ஒரு வளையத்துக்குள் பழைய போல்ட் ஒன்றைச் சும்மா செருகி நட்டைத் திருகினேன். மண்ணில் போட்டுப் புரட்டினேன். அவருடையதை எடுத்துக்கொண்டு என்னுடையதை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஏன் இவ்வளவு கஷ்டம், பழசையே விட்டிருந்தால் அறுந்து அவர் தலையிலேயே விழுந்திருக்குமே என்று கேட்பீர்கள். விழுந்து செத்துவிட்டால் யார் வாயால் கேட்பது? எனக்கு அவர் உயிரோடு வேண்டும். இரண்டு காலோடு, எல்லோருக்கும் முன்னால் வேண்டும்.

மழைக்கு முன்னால் மிச்சக் கட்டைகளைப் பிடுங்குகிற நாள் வந்தது. டிரைவரைக் கட்டையோரம் நிற்கச் சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறப் போனார் பெரியவர். அதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் விழுந்ததிலிருந்து பண்ணை டிராக்டரை நானும் ஓட்டுகிறேன், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, எட்ட இருக்கிற வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். வேலையாட்கள் இருந்தார்கள். என் ஓரகத்தி, பெரியவரின் மனைவி, டீ கொண்டு வந்திருந்தாள். டிரைவரையும் வரப்புக்குப் போகச் சொன்னேன்.

"அத்தான், இன்னைக்கு நீங்க நில்லுங்க. உங்க தம்பி நின்ன அதே இடத்துல."

சிரித்தார். இடுப்பு வலி என்றார். கடப்பாரை பிடித்துப் பழக்கம் விட்டுப்போச்சு என்றார். நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சரியா மாட்டத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். மாட்டிக் காட்டுங்க, இவரும் பாத்துக் கத்துக்கட்டும். புதுச் சங்கிலிதானே, என்ன பயம்?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. சங்கிலியைக் கட்டையில் சுற்றி, கொக்கியை மாட்டினார். என் வீட்டுக்காரர் டம்ளரில் விரலால் காட்டுவாரே, அச்சு அசல் அதே மாதிரி. வேறு மாதிரி மாட்டவும் முடியாது.

மெதுவாக நகர்த்தினேன். தரையில் கிடந்த சங்கிலி எழுந்து விறைத்தது. மரம் முனகியது. திரும்பிப் பார்த்தால் பெரியவர் இரண்டடி தள்ளி நிற்கிறார். வேகத்தைக் குறைத்து, எங்கே போகிறீர்கள், கடப்பாரையை அழுத்துங்கள் என்றேன். வந்து அழுத்தினார். மறுபடி இழுத்தேன். மறுபடி தள்ளிப் போனார். முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது தடவை விறைத்ததும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார்.

"நிறுத்தும்மா. தாங்காது."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இன்ஜினை அணைத்தேன்.

"ஏன் தாங்காது? புதுசு இல்லையா?"

"புதுசு இல்ல. பழசு. பழசுக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"அன்னைக்கு அறுந்தது?"

"இதேதான்."

"நிக்க வச்ச தம்பிகிட்ட சொன்னீங்களா அத்தான்?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சொல்லலைம்மா என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை சொன்னார். வரப்பு வரைக்கும் கேட்டது.

பிறகு நான் மறுபடி ஸ்டார்ட் செய்து முழு வேகத்தில் இழுத்தேன். பெரியவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார், ஷெட்டுக்குப் பின்னால் போய்த்தான் நின்றார். அடிக்கட்டை வேரோடும் மண்ணோடும் பெயர்ந்து வந்தது. சங்கிலி ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் நின்றது. இறங்கிப் போய், மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு வளையத்தைத் துடைத்தேன். நீலம் போய் புது இரும்பு பளிச்சென்று தெரிந்தது. செருகிய போல்ட்டைக் கழற்றி, திரும்பி வந்தவர் உள்ளங்கையில் வைத்தேன்.

தன் கையால் தூக்கி, தன் கையால் மாட்டினார். ஒரு வளையத்தையாவது பார்த்திருந்தால் புதுசு என்று தெரிந்திருக்கும். அவர் பெயிண்டைத்தான் பார்த்தார்.

என் ஓரகத்தி டீயை யாருக்கும் ஊற்றவில்லை. என்கிட்டயும் புதுசுன்னுதானே சொன்னீங்க என்று மட்டும் கேட்டுவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

என் வீட்டுக்காரர் கக்கத்து ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அண்ணா, நான் சரியாத்தான் மாட்டியிருந்தேன்" என்றார்.

அன்று சாப்பிடும்போது டம்ளர் டம்ளராகவே இருந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் அடுப்படிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதேன்.

சொந்தக்காரர்கள் வந்து, அதான் ஒத்துக்கொண்டாரே, மன்னித்துவிடு என்கிறார்கள். மாட்டேன். பழைய சங்கிலியின் இரண்டு பாதியையும் ஒன்றாக இணைத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேட்டில் மாட்டிப் பூட்டுப் போட்டிருக்கிறேன். ஆளுக்கொரு சாவி. வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் பெரியவர் அதைக் கையில் எடுத்து அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் கொஞ்சம் நீலம் ஒட்டும்.

போன வாரம் அவரே வந்து வாசலில் நின்றார். கேட் சங்கிலி ரொம்பப் பழசாகிவிட்டது, அவர் செலவிலேயே புதுசு வாங்கி மாட்டிவிடுகிறாராம்.

"எதுக்கு அத்தான்?" என்றேன். "இன்னும் தாங்கும்."