சஷ்டி முடிந்தும் பேசாதவள்

பிரஷாந்தினி வாய் திறந்து எட்டு நாளாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் இருந்த சனம் அதைக் கந்தசஷ்டி மௌன விரதம் என்று நம்பியது. நம்ப வைத்தவள் அவளுடைய தாய் செல்வமலர்.

உண்மை தொண்டைக்குள் இருந்தது. குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி. சஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள் அதை வெட்டி எடுத்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு ஒரு சத்தமும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கிசுகிசுப்பதும் செருமுவதும்கூடத் தப்பு. புண் ஆறுமுன் நாண் அதிர்ந்தால் தழும்பு விழும். அதற்குப் பிறகு பேசலாம், பாட முடியாது.

அவள் ஓப்பராப் பாடகி. இருபத்தாறு வயது. தை மாதம் ஒத்திகை தொடங்கவிருந்த புது ஓப்பராவில் அவளுக்கு முதல் தடவையாகக் கதாநாயகி வேடம் கிடைத்திருந்தது. கனடாவில் 1838 இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் தேடப்பட்ட ஒருவனை மொன்றியலில் ஒளித்து வைத்துக் காதலித்த ஓர் இளம் பாடகியின் கதை. அதே வேடத்தை ஷெரோன் என்பவளும் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஏதாவது நடந்தால் அவள் மேடையேறுவாள்.

வைகாசியில் கலியாணம். ரதீசனும் இவளும் நாலு வருசமாகப் பழகினார்கள். அவனுடைய தாய் ஜெகதீஸ்வரி லேசில் சம்மதித்தவளல்ல.

"தொண்டையில கட்டி எண்டா சனம் எதை நினைக்கும் எண்டு தெரியும்தானே," என்று செல்வமலர் ஆசுபத்திரிக் கார் தரிப்பிடத்திலேயே சொன்னாள். "சஷ்டி வருகுது. மௌன விரதம் எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

பிரஷாந்தினி தலையாட்டினாள். ரதீசனுக்கும் சொல்லவில்லை. குரல் போகலாம் என்று எழுதினால் போயே விடும் போல ஒரு பயம். அவன் மெசேஜ் போட்டிருந்தான்: "எப்ப தொடக்கம் நீர் சாமியார்? போன கிழமையும் பர்கர் சாப்பிட்டனீர்."

தாய் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சஷ்டி ஆறு நாளில் முடிந்துவிடும். இன்றைக்குப் பாறணை. எல்லாரும் விரதத்தை முடித்துச் சாப்பிட வந்திருந்தார்கள். டொக்டரின் கணக்கில் இன்னும் நாலு நாள் கிடந்தது.

"கோயிலுக்குப் போகாட்டி சந்தேகப்படுவினம். போட்டு உடன வந்திடுவம்," என்று தாய்தான் கூட்டி வந்தாள்.

மண்டபத்துக்குள் சாம்பிராணிப் புகை மண்டிக் கிடந்தது. வெளியே குளிர் என்று யன்னல் ஒன்றும் திறக்கவில்லை. பிரஷாந்தினி குளிர்ச்சட்டைக் கழுத்தை மூக்கு வரை இழுத்து விட்டாள். தொண்டையில் அரிப்பு ஏறியது. தண்ணிப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு விழுங்கினாள். இன்னொரு மிடறு. போத்தலில் பாதிதான் மிச்சம்.

அப்போதுதான் ஜெகதீஸ்வரி வந்தாள். கையில் மைக்.

"பிள்ளை, ஐயரிட்டைக் கேட்டிட்டன். ஆறு நாள் வாய் திறக்காத பிள்ளை நீர். ஒரு தேவாரத்தோட விரதத்தை முடியும். எங்கட மருமகளிண்ட குரலைச் சனமும் கேக்கட்டும்."

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிரஷாந்தினி தாயைப் பார்த்தாள். செல்வமலரின் முகத்தில் இரத்தமில்லை.

"அவவுக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு அக்கா," என்றாள்.

"தடிமனோட பாடாத பாடகி என்ன பாடகி?" ஜெகதீஸ்வரி மைக்கை நீட்டினாள். "ரண்டு வரி போதும்."

செல்வமலர் மகளின் காதருகே குனிந்தாள். "மெல்லமா ஒருக்காப் பாடிவிடு. ரண்டே வரி. அதுக்குள்ள ஒண்டும் ஆகாது."

புகையைவிட அந்தச் சொல்தான் அவளை நடுங்க வைத்தது. ஆசுபத்திரியில் பக்கத்திலிருந்து டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டவள் அம்மா. மைக் முகத்துக்கு நேரே நின்றது. மூச்சை உள்ளே இழுத்தால் பழக்கத்தில் பாட்டு வந்துவிடுமோ என்று மூச்சையே அடக்கினாள். பத்து வருசப் பயிற்சி. அந்த உடம்பை இப்போது அவளால் நம்ப முடியவில்லை.

ஃபோனை எடுத்தாள். விரல் இரண்டு தரம் பிழைத்தது. எழுதி ஜெகதீஸ்வரியிடம் நீட்டினாள்.

"கண்ணாடி காரில கிடக்குது. தம்பி, இதை வாசி," என்று ஜெகதீஸ்வரி மகனைக் கூப்பிட்டாள்.

ரதீசன் சோறு பரிமாறிக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"அம்மா, மைக்கை நிப்பாட்டுங்கோ," என்றான். "தொண்டையில கட்டி வெட்டினதாம். இன்னும் நாலு நாள் கதைக்கக் கூடாதாம்."

"கட்டியோ?" ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "கான்சரோ?"

"சீச்சீ, அதெல்லாம் இல்லை அக்கா," என்று செல்வமலர் தொடங்கினாள்.

"அப்ப ஏன் விரதம் எண்டனீர்? முருகனிண்ட பேரில பொய் சொல்லி எங்கட தலையில கட்டப் பாத்தனீரோ?"

வரிசையில் நின்ற சனம் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பது போல நின்று கேட்டது. பிரஷாந்தினி போத்தலில் மிச்சத்தையும் குடித்துவிட்டு வெளியே நடந்தாள். குளிர்காற்று தொண்டையில் படாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ரதீசன் பின்னால் வந்தான்.

"எனக்குமா சொல்லக் கூடாது?"

ஃபோன் அவனிடமே இருந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

நாலு நாள் அவனிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. பன்னிரண்டாம் நாள் முடிந்ததும் மெட்ரோ எடுத்துத் தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். அம்மா தானும் வரட்டோ என்று கேட்டாள், இவள் வேண்டாம் என்று கையால் காட்டினாள். டொக்டர் மூக்கு வழியாகக் கமராவை விட்டு, "ஈ சொல்லுங்கள்," என்றார். அவள் வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

வந்தது. கரகரத்து, நடுவில் உடைந்து, தாழ்ந்த சத்தம். பத்து விநாடி. நாண் வடிவாக ஆறுகிறது என்று திரையைக் காட்டினார். பாட்டு வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது. இந்தக் கிழமை ஒரு நாளைக்கு அரை நிமிசம் பேசலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

பயம் இன்றோடு முடியும் என்று நினைத்து வந்தவள். இனி ஒவ்வொரு நாளும் அரை நிமிசம் பயப்பட வேண்டும்.

வெளியே காத்திருப்போருக்கான கதிரைகளில் ரதீசன் இருந்தான். வேலைச் சட்டை, கையில் தொப்பி. செல்வமலரிடம் விலாசம் கேட்டு வந்திருந்தான்.

"கதைக்கலாமோ?"

மிச்சம் இருபது விநாடி. அவள் செலவழித்தாள்.

"உம்மட அம்மா என்ன சொன்னவ?"

அந்தக் குரலைக் கேட்டு அவன் திடுக்கிட்டான். மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கலியாணத்தைத் தள்ளிப் போடட்டாம். குரல் வருதோ எண்டு பாத்திட்டு யோசிப்பமாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஒண்டும் சொல்லேல்லை."

ஏன் என்று கேட்க இன்னும் பதினைந்து விநாடி இருந்தது. தொண்டை வரை வந்தது. வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்குள் ஒரு தரமாவது, தனியாக, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒற்றைச் சுரம் பிடித்துப் பார்க்க வேண்டும். அது வராவிட்டால் வேடத்தை எடுத்துக்கொள் என்று ஷெரோனுக்கு எழுத வேண்டும். அதற்கு இந்தப் பதினைந்தும் வேண்டும்.

குளிர்ச்சட்டைக் கழுத்தை மூக்கு வரை பூட்டிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அவள் கதவைத் தள்ளி வெளியே போனாள்.