மூச்சுக் கட்டத்தில் இருபது

என் முதுகுக்குப் பின்னால் மாணவிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சிவப்பு மை’. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நர்சிங் கல்லூரியில் பதினோரு வருடமாகச் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறேன். கை கழுவாமல் கட்டில் கம்பியைத் தொட்டால்கூட விடமாட்டேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியம் இது.

காய்ச்சலைப் பார்க்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது. எங்கள் வார்டில் மூச்சுக்கு மட்டும் எதுவும் இல்லை. வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் எந்தச் சார்ட்டைப் புரட்டினாலும் மூச்சுக் கட்டத்தில் இருபது என்றுதான் இருக்கும், யாரும் கேள்வி கேட்காத இயல்பான அளவு. தூங்குகிறவருக்கும் இருபது, இருமுகிறவருக்கும் இருபது. ஆள் செத்தால்தான் இந்த எண் மாறும் என்று நாங்களே கிண்டல் செய்வோம்.

தேர்வு நாள் காலையில் ஏழாம் கட்டிலுக்குப் போனேன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளான ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதர் என்பதால்தான் அவரைத் தேர்வுக்குப் பிடித்திருந்தேன். மாணவியின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க நான் முன்கூட்டியே அளந்து என் தாளில் குறித்துவைக்க வேண்டும். காய்ச்சல் பார்த்தேன், நாடி பார்த்தேன். மூச்சுக் கட்டத்தில் என் கை தானாக இருபது என்று எழுதியது.

“சிஸ்டர், காலையிலேருந்து இவர் பேசவே இல்ல. என்னன்னு பாருங்களேன்” என்றார் அவர் மனைவி.

“பரீட்சை முடியட்டும்மா. டாக்டர் வருவார்” என்றேன்.

ஏழாம் கட்டிலுக்கு வந்த மாணவியைத் தோழிகள் ‘முழு நிமிஷம்’ என்று கூப்பிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி, முழு நிமிடமும் நின்று எண்ணுகிற ஒரே பெண் அவள். அதனாலேயே போன தடவை நேரம் போதாமல் தேறவில்லை. இதிலும் தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

எண்ணி முடித்து, “முப்பத்திரண்டு மேடம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பயத்துல உன் மூச்சை எண்ணிட்டியா?” என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். “திரும்ப எண்ணு. இது உனக்கு ரெண்டாவது தடவை, ஞாபகம் இருக்கட்டும்.”

திரும்பவும் முழு நிமிடம் எண்ணினாள். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன படித்தாளோ, தன் தாளில் எழுதியிருந்த முப்பத்திரண்டை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள்.

“அப்படி வா வழிக்கு” என்று முழு மதிப்பெண் போட்டேன்.

அதே எண்ணை அவள் டிரைவரின் சார்ட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் அவர் உதடு நீலமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. காலையிலேயே மூச்சு ஏறியிருக்கும், இருபது என்று எழுதியது யார் என்று டாக்டர் சார்ட்டை மேசையில் வீசினார்.

மறுநாள் பிரின்சிபால் அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். என் தாள் மடியிலிருந்த ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது.

“உன் கையெழுத்துதானே?” என்றார் பிரின்சிபால்.

“ஆமா மேடம். நான்தான் தப்பா எண்ணிட்டேன்.”

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தான் எண்ணியதுதான் தப்பு என்று நிஜமாகவே நம்பியிருப்பாளோ என்று தோன்றியது. ஆனாலும் ஃபைலைத் திறக்கவில்லை. அவளை ஒரு வருடம் நிறுத்திவைக்கும் உத்தரவில், தேர்வாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். சிவப்பு மையில் இல்லை, நீலத்தில்தான்.

வெளியே வராந்தாவில் டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணுமேலதான் தப்புன்னு சொல்றாங்க. உங்களைக் குறை சொல்ல முடியுமாம்மா? நீங்க எவ்வளவு கவனமா பக்கத்துலயே நின்னீங்க.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பிப் போய் ஃபைலைப் பிரித்துப் பிரின்சிபால் முன்னால் வைத்தேன்.

“அவ சரியாத்தான் எண்ணினா மேடம். நான்தான் எண்ணவே இல்ல. மிரட்டி மாத்த வெச்சதும் நான்தான்.”

அவர் என் தாளை எடுத்துப் பார்த்தார். “அவ நின்னுட்டு இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார். உத்தரவு கிழிந்தது. அவளுக்கு வெளித் தேர்வாளரை வைத்து மறுதேர்வு, எனக்கு இனி மதிப்பெண் போடும் வேலை இல்லை என்று முடிவானது. அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றாள். பரவாயில்லாத விஷயத்துக்குச் சொல்கிற பரவாயில்லை அது.

ஒரு வாரத்தில் டிரைவர் பிழைத்து வார்டுக்குத் திரும்பினார். மறுதேர்வுக்கு முன்னால் அவளை அவரிடம் கூட்டிப்போனேன்.

“இது பரீட்சை இல்லம்மா. நானும் எண்ணுறேன், நீயும் எண்ணு. தனித்தனியா எழுதலாம்.”

இருவரும் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் நின்றோம். நான் இருபத்திரண்டு என்று எழுதித் தாளை மடித்துக்கொண்டேன். அவளும் எண்ணி முடித்துப் பேனாவைத் திறந்தாள். எழுதுவதற்கு முன் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் எழுதும் சத்தம் கேட்டது.