நாற்பத்தொன்றாம் டிக்கெட்

இன்னும் முடியாத வேலையை முடிந்தது என்று சொன்ன அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் போட்டு உடைத்திருப்பேன். முதலாளி ரிஃகானுடைய சாமான் என்பதால் விட்டேன்.

2008ஆம் ஆண்டு. புடவைக் கடைக்கு மேலே எங்கள் ஒபிஸ். நானும் யாழ்ப்பாணத்து றமணனும் டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நோயாளர் பதிவுக்கான சொப்ட்வெயார் எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு டிக்கெட், அதற்கொரு நம்பர். என்னுடையது நாற்பத்தொன்று. ஒருவருக்கு ஆகாத மருந்தைப் பதிந்து வைத்தாலும், அடுத்த தடவை அந்த எச்சரிக்கை திரையில் வருவதில்லை. என் அம்மா பேச்சியம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது. அதனால் அந்த டிக்கெட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மாதம்தான் ரிஃகான் புதுச் சட்டம் வைத்தார். எழுதிய புரோகிராமை உள்ளே அனுப்பும்போது கூடவே ஒரு டிக்கெட் நம்பர் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. போட்டால் அதுவே டிக்கெட்டோடு கோத்து, முடிந்தது என்று மூடி, டிஸ்பென்சரிக்கும் முடிந்த வேலைகளின் லிஸ்ட் அனுப்பிவிடும். எல்லாம் தானாக நடக்குமாம். என்ன இழவோ.

வெள்ளிக்கிழமை காலை பார்க்கிறேன், நாற்பத்தொன்று மூடிக் கிடக்கிறது. மூடியது றமணன். அவர் செய்திருந்ததோ திரையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிய வேலை.

“ஏங்க, என் டிக்கெட்ல கைய வைக்க யாரு சொன்னது?”

“நீங்கள்தானே சொன்னனீங்கள். அந்த நிற வேலைக்கு நம்பர் இல்லாமல் அந்தரப்பட்டனான். என்ர நம்பரைப் போடுங்க எண்டு தந்தது நீங்கள்.”

உண்மைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி வேலைக்கு வரப் பிந்தினால், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது இன்னொருத்தி அவளுக்காகக் குரல் கொடுத்துவிடுவாள். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. அம்மா காய்ச்சலோடு காலையிலேயே டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாள். உடனே அங்கே போன் அடித்து, எச்சரிக்கை வருகிறதா என்று கேட்டேன்.

“எல்லாம் சரின்னு லிஸ்ட் வந்துச்சேம்மா,” என்றார் மருந்துக்காரர் வீரய்யா. “ஒங்கம்மா பேருக்கு ஒண்ணும் காட்டல. பென்சிலின் ஊசி எடுத்து வச்சிருக்கேன்.”

“போடாதீங்க ஐயா. அவங்களுக்கு ஆகாது. போனை அம்மாகிட்ட குடுங்க.”

அம்மாவிடம் பென்சிலின் ஆகாது என்று பெரியாஸ்பத்திரியில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது. எங்கே போனாலும் அதை மடியில் வைத்திருப்பாள்.

“அந்தச் சீட்டைக் காட்டலியா?”

“நீதானடி சொன்ன, இனி கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு. போன கெழம அதப் போட்டு அடுப்பு பத்த வச்சிட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை.

பின்னேரத்துக்குள் கோளாறைச் சரிசெய்து, நாற்பத்தொன்று என்று போட்டு அனுப்பினேன். வாங்கவில்லை. அந்த டிக்கெட் ஏற்கெனவே முடிந்துவிட்டதாம்.

“வேணுமெண்டால் என்ர நம்பர் ஒண்டு தரட்டோ?” என்றார் றமணன், நல்ல மனதோடுதான்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் புது டிக்கெட் திறந்தேன். கோளாறு யாரால் வந்தது என்று கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டேன்.