பக்கத்து இருக்கை

மூன்று வாரமாக அந்த நாற்சந்தியே பிரேக் அக்காவுக்குக் கதி என்றாகிவிட்டது. காலை பத்தேகால் ஆனால் போதும், டிரைவிங் ஸ்கூல் காரை ஓரங்கட்டிவிட்டு, வழக்குக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிக்னலை அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். கட்டின புருஷனைக்கூட அவள் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் இதே நேரத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்தவள், அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸ். அக்கா பக்கத்து இருக்கையில். சிவப்பு விழுந்த பிறகு கார் கோட்டைத் தாண்டியது என்று ஒரு காவலர் அபராதச் சீட்டை நீட்டிவிட்டார். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் குற்றம் கற்றுக்கொடுக்கிறவர் தலையில்தான் விழும், சட்டம் அப்படி. இந்த வருஷத்தில் அவளுக்கு இது இரண்டாவது சீட்டு. இதுவும் உறுதியானால் கற்றுக்கொடுக்கும் உரிமத்தை ஒரு வருஷத்துக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அக்காவின் வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது. ஓட்டுகிறவருக்கு ஆபத்து உறைப்பதற்குள் அவள் மிதித்திருப்பாள். பேரே அப்படி வந்ததுதான். தன் காரில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள், சொல்லட்டும். ஆனால் அவளிடம் படித்தவர்களில் முதல் தடவையிலேயே பரீட்சையில் தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு அவள் பரீட்சை வைக்கிற அதிகாரிகளைத்தான் திட்டுவாள்.

அன்றைக்கு அந்தக் கால் மிதிக்காமல் போனதற்குக் காரணம், சாலையோர மரத்தின் ஒரு கிளை. மழைக்குத் தழைத்து சிக்னலுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. விளக்கே தெரியவில்லை. முன்னால் போன வேன் நிற்காமல் போகவும் பச்சைதான் என்று அக்கா நினைத்துவிட்டாள். கிளையை நிரூபித்தால் வழக்கு ஜெயிக்கும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

மருந்துக்கடை கேமராவில் ஏழு நாளைக்குத்தான் படம் இருக்குமாம். அவள் போனது ஒன்பதாம் நாள். எதிரே டயர் கடைக்காரர், "பாத்தேம்மா, கிளை மறைச்சது எனக்கே தெரியும். ஆனா கோர்ட்டுன்னா நான் ஒண்ணும் பாக்கல," என்று சக்கரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். பூங்கா அலுவலகத்தில் மரம் எங்களுடையது, சாலைக்கு மேல் வந்த கிளை சாலைத் துறையுடையது என்றார்கள். சாலைத் துறையில் கேட்டால், வேர் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள் என்றார்கள். நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவளே காரில் உட்கார்ந்து பதினான்கு படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் இலை, இலை, இலை. சிக்னலின் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை.

"விட்டுத் தொலையேன். ஒரு வருஷம் வீட்ல ஓய்வா இரேன்," என்றார் கணவர், அவள் வீங்கிய காலை முக்காலி மேல் தூக்கி வைத்தபோது.

"இருந்து? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கவா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

நீதிமன்றத்தில் அவள் முறை வரப் பதினொன்றரை ஆயிற்று. நர்ஸ் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேரே சாட்சி சொல்ல வந்திருந்தாள். நீதிபதியும் களைத்த முகமுள்ள பெண்தான். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அக்காவுக்கு நம்பிக்கை துளிர்த்தது.

"கிளை நல்லாவே மறைக்குது," என்றார் நீதிபதி. இன்னொரு தடவை புரட்டினார். "ஆமா, ஸ்டியரிங் எங்கம்மா? எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு துண்டுதான் இருக்கு. நீங்க எங்க உக்காந்து எடுத்தீங்க?"

"என் இடத்துலங்க."

"ஓட்டுறவங்க இடத்துலேருந்து ஒண்ணுகூட எடுக்கலையா?"

எடுக்கவில்லை. படம் எடுக்கக் கார் கதவைத் திறந்தபோதெல்லாம் உடம்பு தானாகப் பக்கத்து இருக்கைக்கே போயிருந்தது. அந்தக் காரில் இன்னொரு இருக்கை இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது பதினான்கு பிரதியாகக் கோப்பில் கிடந்தது.

நீதிபதி நர்ஸ் பக்கம் திரும்பினார். "உங்க இடத்துலேருந்து சிவப்பு தெரிஞ்சுதா?"

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். கீழுதட்டைப் பல்லால் கவ்வினாள். அக்காவுக்கு அந்த உதடு நன்றாகத் தெரியும். தப்பான திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்கு முன்னால் அவள் அப்படித்தான் கவ்வுவாள். இப்போது தனக்காகப் பொய் சொல்லப் போகிறாள். 'தெரியல' என்ற ஒரு சொல் போதும், உரிமம் பிழைக்கும். அக்காவும் அதை வேண்டித்தான் நின்றாள். ஆனால் வலது கால் அவளைக் கேட்காமல் நீதிமன்றத் தரையை அழுத்தி மிதித்தது.

"பொய் சொல்லாதம்மா," என்றாள். "பாத்ததச் சொல்லு."

நர்ஸின் கண் கலங்கியது. "தெரிஞ்சுதுங்க. சிவப்புதான்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"நான் ஒருநாளும் நிறுத்தினதில்லைங்க. எப்பவும் அக்காதான் மிதிப்பாங்க. அன்னிக்கு மிதிக்கல. சரி, போகலாம் போலன்னு நெனச்சேன்."

எழுத்தர் சிரித்துவிட்டார். சீட்டு எழுதிய காவலரும் சிரித்தார். நீதிபதி சிரிக்காமல் தீர்ப்பை எழுதினார். ஒரு வருஷம். கற்றுக்கொடுக்கும் உரிமத்தை வெளியே இரண்டாம் ஜன்னலில் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஜன்னலில் அட்டையைக் கொடுத்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"என்னாலதானேக்கா?" என்றாள் நர்ஸ், கார் அருகில் வந்ததும்.

"ஏறு. உன்னை வீட்ல விட்டுட்டுப் போறேன்."

நர்ஸ் பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் போய், சட்டென்று நினைவு வந்து, சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறினாள். கீழே இருந்த பிரேக்கைப் பார்த்ததும் கால்களை மடக்கி இருக்கை மேலேயே வைத்துக்கொண்டாள்.

நாற்சந்தி வந்தது. அக்கா காரை நிறுத்தினாள்.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?" நர்ஸ் கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டிப் பார்த்தாள். "அய்யோ, இங்கேருந்து நெஜமாவே ஒண்ணும் தெரியலக்கா."

"சிவப்பு," என்றாள் அக்கா.

அவள் இடத்திலிருந்து அது பளிச்சென்று தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரை நிற்கக் கற்றுக்கொடுக்காமலே தெருவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். கீறல் விழாதது தன் காரில் மட்டும்தான்.

"அடுத்த மாசம் எனக்குப் பரீட்சைக்கா. இனிமே யார்கிட்ட போவேன்?"

அக்கா விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யார்கிட்ட வேணா போ," என்றாள். "இப்ப நீ உக்காந்திருக்க பாரு, அப்படிக் கால மடக்கி வச்சுக்கிட்டு உக்கார்ற ஆளாப் பாத்துப் போ."