ஸ்னாப்ஷாட்டை மறந்த மதியம்

எங்கள் எடிட்டிங் ஸ்டூடியோவில் எல்லாப் படங்களும் ஒரே சர்வரில்தான் இருக்கும். சர்வர் என் பொறுப்பு. எடிட்டர் என் கூடப்பிறந்த அண்ணன். மூன்று நாளாக அவன் திரையில் காட்சிகள் திக்கித் திணறி ஓடின. பழி யார் தலையில் விழும்? என் தலையில்தான்.

பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தது. துண்டுகளைச் சேர்த்து அடுக்குவதற்குப் பெயர் டீஃப்ராக். அது எனக்குக் கைவந்த கலை.

"நீ பாட்டுக்கு வேலையப் பாருண்ணா. சாயங்காலம் தண்ணி மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டேன்.

மறந்தது ஒன்றே ஒன்று. நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்காக சர்வர் தினமும் எடுத்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுகள், பழைய இடத்தை லேசில் விடாது. நான் நகர்த்திய ஒவ்வொரு துண்டும் இரண்டு இடத்தை அடைத்தது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கூட அதை முதலில் பார்ப்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மூன்று மணிக்கு சர்வர் நிரம்பிவிட்டது.

"சேவ் ஆக மாட்டேங்குது!" என்று அண்ணன் அலறினான். காலையிலிருந்து வெட்டி ஒட்டியதெல்லாம் அவன் திரையில் மட்டும்தான் இருந்தது. ஐந்து மணிக்குப் படம் சேனலுக்குப் போயாக வேண்டும்.

"சாஃப்ட்வேர மூடிட்டுத் திறந்து பாக்கவா?"

"மவுஸைத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். தப்பு என்னோடது. பத்து நிமிஷம் குடு."

டீஃப்ராக்கை நிறுத்தினேன். ஸ்னாப்ஷாட்டுகளில் ஒன்றை விட்டுவைத்தாலும் இடம் கிடைக்காது. விசிலடித்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தேன்.

"இப்ப சேவ் பண்ணு."

பட்டை மெதுவாக நகர்ந்து முடிந்தது. டீஃப்ராக்கை மறுபடி ஓடவிட்டேன். நாலரைக்குக் காட்சிகள் தங்குதடையின்றி ஓடின, படமும் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். "ஆமா, எதை அழிச்சே?"

"திரும்பிப் போற வழிய. சேவ் பாதியில நின்னு ஃபைல் கெட்டிருந்தா உன் ஒரு மாச வேலையும் போயிருக்கும். வேற காப்பி கிடையாது."

அவனுக்கு முகம் வெளுத்தது. "அடிப்பாவி! அப்புறம் எப்பிடிடீ விசிலடிச்சே?"

"நான் பயந்தது தெரிஞ்சிருந்தா, நீ பதறிப்போய் சாஃப்ட்வேர மூடியிருப்பே."