செத்த செல் மேலே போகிறது

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மெட்ரோவில் ஒட்டுக்கேட்டேன்.

வைட்ஃபீல்ட் போகும் ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் சொன்னாள்: "செத்தது மேல போகுதுடி. உயிரோட இருக்கிறது கீழ போகுது. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் என்ன சொல்றது?"

வாரப் பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த நிலையத்துக்குள் ஆறு மாதத்துக்கான பேய்த் தொடர் மனதில் தயார். அதற்கடுத்த நிலையத்தில் பேய் செத்தது. அவள் பேசியது ஏரித் தண்ணீரில் நீந்தும் ஒற்றைச் செல் பாசியைப் பற்றி.

அவளுக்கு லவினா என்று பெயர் வைத்தேன். மிச்சத்தை விசாரித்தும் இட்டுக்கட்டியும் நிரப்பினேன்.

2

லவினா நுண்ணோக்கிமேல் குனிந்து கண்ணை வைத்தபோது—

(அடித்துவிட்டேன். இந்த வேலையில் யாரும் குனிவதில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் சொட்டுத் தண்ணீர். அதன் வழியே லேசர். ஒவ்வொரு பாசியும் கேமராவில் வளையம் வளையமாகப் பதிகிறது. அதுதான் ஹோலோகிராம். கேமராவின் ஃபோகஸ் நிற்கும் இடத்திலிருந்து பாசி எவ்வளவு தூரம் என்று வளையங்களை வைத்துக் கணினி சொல்லிவிடும். விடாமல் தொடர்ந்தால் அது நீந்திய பாதை முப்பரிமாணத்தில் கிடைக்கும். ஆனால் ஃபோகஸுக்கு மேலேயா, கீழேயா என்று கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அறிவியல் முடிந்தது, இனி வம்பு.)

இத்தனை வருட ஆராய்ச்சியில் லவினாவுக்குக் கிடைத்த ஒரே புதுச் செய்தி இதுதான்: மேலே விளக்கைப் போட்டால் இந்தப் பாசி கீழே ஓடுகிறது. இதன் சொந்தக்காரப் பாசியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி மேலே வரும். கைடு தினேஷ் பூரித்துப்போய், மறுநாள் கருத்தரங்குக்கு அவள் படத்தோடு பேனரே அடித்துவிட்டார்: 'வெளிச்சத்தை வெறுக்கும் பாசி'.

அன்று மதியம்தான் பழைய பதிவொன்றில் நீந்தாமல் கிடந்த ஒரு செல்லைக் கவனித்தாள். செத்த செல். மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டியது. திரையில் நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

3

"செத்தவங்க மேலதான போவாங்க லவி," என்றான் பக்கத்து மேசை ஆம்ப்ரோஸ். "எங்க ஃபாதர் பாத்தா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சேர்த்துடுவாரு."

"விளையாடாதடா."

"சரி, ஃபோகஸ எங்க வச்ச?"

லவினா பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். கீழ்க்கண்ணாடியில் கீறல். படம் சுத்தமாக வரட்டும் என்று ஃபோகஸை மேல்மூடிக்கு மாற்றியது அவள்தான். புரோகிராமிடம் சொல்ல மறந்ததும் அவள்தான். அது இன்னும் ஃபோகஸ் கீழ்க்கண்ணாடியில்தான் என்று நம்பி, மூடியிலிருந்து கீழே உள்ள தூரத்தையெல்லாம் அடியிலிருந்து மேலே உள்ள உயரமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஏரியே தலைகீழ்.

"அப்போ என் பாசி?"

"ஊர்ப் பாசி மாதிரிதான். வெளிச்சம் போட்டா மேல வரும்."

"பேனர் கட்டியாச்சுடா."

"அதையும் தலைகீழா கட்டிடலாம்."

4

'தினேஷின் உதட்டில் ஒரு குரூரப் புன்னகை—'

(இதையும் அடித்தாயிற்று. விசாரித்ததில் அவர் மாணவர்களுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுக்கிற ரகம். தோசை வாங்கிக் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்வது வில்லனிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.)

முடிவு ஒன்று: செத்த செல்களை எல்லாம் குப்பை என்று பதிவிலிருந்து நீக்கிவிடுகிறாள். கைதட்டல். தலையில் மைசூர் பேட்டாத் தலைப்பாகை, தோளில் சால்வை. பிறகு எவனாவது அதே பாசியை வாங்கி, கீறல் விழாத கண்ணாடியில் போட்டுப் பார்க்கும் வரை நிம்மதி.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். தினேஷ் கொஞ்ச நேரம் பேனரையே பார்த்துவிட்டு, "அப்போ ஊரே சொன்னதத்தான் நாமளும் சொல்லப்போறோம்," என்கிறார். ஆராய்ச்சி முதலிலிருந்து.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது ஜோராக வந்தது. அதனாலேயே சந்தேகம்.

5

இட்டுக்கட்டாத பகுதி இனிமேல்தான்.

மெட்ரோவில் தோழியோடு பேசி முடித்ததும் அந்தப் பெண்ணின் போன் மறுபடி அடித்தது. அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிலையம் வந்தது. எழுந்து, கதவருகே போய், எடுத்தாள்.

"சார்... ஆமா சார், பேனர் பாத்தேன். சார், அந்த பேனர் விஷயமா—"

அவள் இறங்கியதும் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். பேசிக்கொண்டே எஸ்கலேட்டரில் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

அதை வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். தூண்மேல் கட்டிய நிலையம். அங்கே எல்லாரும் கீழேதான் இறங்க வேண்டும்.