குண்டண்ணனின் சவரக்கத்தி

குண்டண்ணனின் உடம்பில் இப்போது குண்டு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆப்பரேஷனுக்குப் பிறகு பாதி ஆள் காணாமல் போய், மீதிப் பாதிதான் சலூனில் நின்று வேலை பார்க்கிறது. ஆனாலும் தெருவில் ஒருவரும் பெயரை மாற்றத் தயாராக இல்லை. "குண்டண்ணே" என்று கூப்பிட்டால் ஒல்லியாக ஒருத்தர் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு புது ஆட்கள் முழிப்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "பேருக்கு என்ன எடையா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று இவருடையது, இன்னொன்று மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கடையில் சரிபாதிக் கூட்டாளி. கத்தரியும் மெஷினும் மச்சான் வசம், சவரக்கத்தி இவர் வசம். சூடான துண்டை முகத்தில் போட்டு மயிரை இளக்கி, பிரஷ்ஷால் நுரை கட்டி, பிளேடை உறையோடு சேர்த்து இரண்டாக முறித்துக் கத்தியில் மாட்டி, கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து அவர் இறக்கினால், கத்தி போனதே தெரியாது. தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே பக்கத்துத் தெருக்களில் இருக்கும் சலூன்களையெல்லாம் தாண்டி ஆட்கள் வருவார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, இருந்தால்தான் என்ன?

எடை ஒரு பக்கம், சர்க்கரை வியாதி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து ஆளை அமுக்கியபோதுதான் ஆப்பரேஷன் செய்துகொண்டார். இரைப்பையைச் சின்னப் பை அளவுக்குச் சுருக்கி, குடலை அதோடு நேரடியாக இணைத்துவிட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, தன் பழைய பேன்ட்டின் ஒரு காலில் தானும் மறு காலில் மனைவியுமாக நின்று காட்டினார். பார்த்தவர்கள் இரண்டாம் தடவையும் பார்க்க வேண்டியிருந்தது, தப்பிக்க வழியில்லை.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை தன் வேலையை மறுபக்கத்திலிருந்து காட்டியது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பெல்லாம் குப்பென்று வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். கண் மங்கும், கை வெடவெடவென்று நடுங்கும், சாப்பிடாத ஆள் மாதிரி பசி வயிற்றைப் பிறாண்டும்.

"அப்போ கூடுதுன்னாங்க, இப்போ குறையுதுங்கறாங்க. இந்தச் சர்க்கரைக்கு நம்ம வீட்ல என்னதான் வேணுமாம்?" என்று மனைவி சத்தம் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே பெரிய டம்ளர் நிறையப் பழச்சாறு பிழிந்து, போதாததற்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தாள். குடித்த கொஞ்ச நேரத்தில் அவர் பழைய ஆளாகிவிட்டார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே மறுபடி நடுக்கம், முன்னைவிட மோசமாக. மறுபடி ஒரு டம்ளர். இப்படியே தினமும் போயிற்று. கடைசியில் அவள் பாட்டிலில் ஊற்றிக் கடைக்கே கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள்.

குண்டண்ணன் இதை மச்சானிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் கத்தியைத் தொடவிட மாட்டார் என்ற பயம். கை நடுங்கும்போது மணிக்கட்டை வாடிக்கையாளரின் தாடையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சவரத்தை முடித்துவிடுவார். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு வேறு பெயர் இருக்கிறது, பெரிய மனுஷர் என்பதால் நான் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். வாரம் தவறாமல் வருகிறவர், கத்தி கழுத்தில் இருக்கும்போதுகூட உலக விஷயம் பேசுகிறவர். அவர் பேசிக்கொண்டே இருந்தபோது காதுக்குக் கீழே கத்தி சறுக்கியது. ஆழமான வெட்டு இல்லைதான். ஆனால் வெள்ளை நுரையில் ரத்தம் பரவியதைப் பார்த்ததும் குண்டண்ணன் கத்தியோடு பின்வாங்கினார். மச்சான் ஓடிவந்து படிகாரத்தை வைத்து அழுத்தினார். தலைமையாசிரியர் "பரவாயில்லப்பா, பரவாயில்லப்பா" என்றுதான் சொன்னார். கையில் வியர்வையும் நடுக்கமுமாக நின்றவரை அப்போதுதான் மச்சான் நன்றாகப் பார்த்தார்.

கடையைச் சாத்தியபிறகு மச்சான் சவரக்கத்தியை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "கழுத்து விஷயம் மாப்ளே. இனிமே நீ கத்தரி பிடி, அது போதும்."

குண்டண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். உடம்பு பாதியானபோது வராத அழுகை அன்று வந்தது.

மறுவாரமே மனைவி அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். நடுக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டாள். மனைவி பழச்சாற்றுக் கதையைப் பெருமையாக, ஸ்பூன் கணக்கோடு சொன்னாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இவர் வயித்துல இப்போ சாப்பாடு தங்கறதுக்கு இடம் இல்லம்மா. இனிப்பா எதைக் குடிச்சாலும் நேரா குடலுக்கு ஓடிடுது. ரத்தத்துல சர்க்கரை சட்டுன்னு ஏறுது. உடம்பு பதறிப்போய் தேவைக்கு மேல இன்சுலினைக் கொட்டுது. அது ஏறினதையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு இன்னும் கீழ தள்ளிடுது. நடுக்கம் வந்ததும் நீங்க மறுபடி ஒரு டம்ளர் குடுக்கறீங்க. மறுபடி ஏறி மறுபடி விழுது."

"அப்போ நான்தான் இவரை நடுங்க வெச்சேனா?" என்றாள் மனைவி.

"நீ குடுக்கலைன்னா அன்னிக்கே எங்கயாவது விழுந்து மண்டைய உடைச்சிருப்பேன், சும்மா இரு" என்றார் குண்டண்ணன்.

"அதுவும் சரிதான்" என்றாள் அந்த அம்மா. "விழும்போது இனிப்பு குடுத்தே ஆகணும். ஆனா அளவா. டாக்டர் சொன்ன அளவுக்கு குளுக்கோஸ் மாத்திரை. கால் மணி நேரம் பொறுத்துப் பாக்கணும். ஏறினதும் முட்டையோ, கொஞ்சம் கடலையோ சாப்பிடணும், அப்போதான் மறுபடி விழாம நிக்கும். மத்த நேரத்துல இனிப்புத் தண்ணி எதுவும் வேண்டாம். முட்டை, கோழி, பருப்பு மாதிரி சத்தானதை முதல்ல சாப்பிடணும், கொஞ்சம் கொஞ்சமா, மென்னு மெதுவா. சாப்பிடும்போது தண்ணி கிடையாது." பிறகு அவர் மேல்கையில் பொத்தான் மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டாள். அது சர்க்கரையை அளந்து செல்போனுக்கு அனுப்பும். இறங்க ஆரம்பித்தால் போன் மணி அடிக்கும்.

அன்றிலிருந்து மனைவி வேறு ஆளாகிவிட்டாள். பழம் பிழியும் கருவியை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். காலையில் முட்டை அவித்து உரித்து டப்பாவில் வைத்தாள். வேகமாகச் சாப்பிட்டால் தட்டைப் பிடுங்கினாள். "சிறையிலகூட இவ்வளவு கண்காணிப்பு இருக்காது" என்று குண்டண்ணன் முனகினார். ஆனால் போனில் மலையும் பள்ளமுமாக இருந்த கோடு நாளடைவில் சமதளத்துக்கு வந்துவிட்டதை அவரே எல்லாருக்கும் காட்டினார். பழைய பேன்ட்டின் இடத்தை இப்போது அந்தக் கோடு பிடித்துக்கொண்டது.

நடுக்கம் நின்றதும் மச்சானிடம் நேராகக் கேட்டார். "மச்சான், கத்தியைக் குடுங்க."

மச்சான் வாடிக்கையாளரின் பிடரியில் மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு மாசம் அந்த மணி அடிக்காம இருக்கட்டும் மாப்ளே. அப்புறம் பேசுவோம்."

ஒரு மாசம் மணி அடிக்கவில்லை. மச்சானும் சொன்ன சொல் மாறவில்லை. அன்று காலையில் இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அதோடு நின்றிருந்தால் சரி. சந்தோஷம் தாங்காமல் பெட்டியில் கேக் வேறு வாங்கி வந்திருந்தார், மேலே கிரீம் வழிய வழிய.

"ஒரே ஒரு துண்டு. நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாத மாப்ளே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும் என்று குண்டண்ணனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மச்சான் கையால் ஊட்டுகிறார், கத்தி கைக்கு வந்திருக்கிறது, மனசு தலைகால் புரியாமல் ஆடுகிறது. வாயைத் திறந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைமையாசிரியர் வந்தார். மச்சானே போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். அவர் தயங்காமல் குண்டண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, வந்ததும் வராததுமாக உலக விஷயத்தை ஆரம்பித்தார். குண்டண்ணன் நுரை கட்டினார். வலது கன்னத்தில் கத்தியை இறக்கினார். கை அவருடைய பழைய கையாகவே இருந்தது. வலது பக்கம் முடிந்து இடது பக்கத்துக்கு வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் இருந்த போன் மணி அடித்தது.

மச்சானின் கத்தரி நின்றது. கடை முழுவதும் அந்த மணிச்சத்தம்தான்.

குண்டண்ணன் போனைப் பார்த்தார். எண் எழுபதுக்குக் கீழே போயிருந்தது, பக்கத்தில் அம்பு கீழ்நோக்கி நின்றது. கை இன்னும் நடுங்கவில்லை. ஒரு கன்னமும் கழுத்தும்தான் பாக்கி. அழுத்தி மணியை அணைத்துவிட்டு, மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நிறுத்தினால் கத்தி இழுப்பறைக்குப் போய்விடும், இனி எப்போதைக்கும் வராமலே போகலாம். கீழே தலைமையாசிரியர் தாடையை உயர்த்தி, கழுத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏதோ ஒரு நாட்டின் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

குண்டண்ணன் கத்தியை மடக்கினார். நேராகப் போய் மச்சானின் கையில் வைத்தார்.

"சார், எனக்குச் சர்க்கரை இறங்குது" என்றார் தலைமையாசிரியரிடம். "கை இன்னும் நடுங்கல. நடுங்கறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன். சரியாகறதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரம்னா மீதியை மச்சான் முடிச்சிடுவாரு."

தலைமையாசிரியர் பாதி நுரையோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "இந்த மூஞ்சியோட நான் எங்கய்யா போறது? அந்தப் பக்கம் செஞ்ச கைதான் இந்தப் பக்கமும் செய்யணும். நீ உட்காரு. பேப்பரை இப்படிக் குடு."

குண்டண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றார். அளவுக்கு மேல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நெற்றியில் வியர்த்தது, துடைத்துக்கொண்டார். மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கத்தி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"கேக்கை நான்தானே ஊட்டினேன், மடையன்" என்றார் மச்சான்.

"வாயைத் திறந்தது நான்தானே மச்சான்."

கால் மணி நேரம் கழிந்தது. எண் ஏறியிருந்தது, அம்பு நேராகியிருந்தது. குண்டண்ணன் டப்பாவைத் திறந்து முட்டையைச் சாப்பிட்டார், மெதுவாக, மென்று. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, போனை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து கையைக் கழுவித் துடைத்து, மச்சான் முன்னால் நீட்டிப் பிடித்தார். மச்சான் அந்தக் கையைப் பார்க்கக்கூட இல்லை. கத்தியை அதில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

காய்ந்துபோன நுரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. தலைமையாசிரியர் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்து, "எந்தப் பக்கம் முதல்ல செஞ்சே?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து மச்சான் தன் தாடையைச் சொறிந்தார். அதுவரை குண்டண்ணனின் கத்திக்கே முகம் கொடுத்தவர், தலைமையாசிரியருக்குக் காயம் பட்டபிறகு வீட்டிலேயே தனக்குத்தானே சவரம் செய்துகொண்டிருந்தார், மோவாயெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. குண்டண்ணன் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாரே தவிர, மனசுக்குள் குத்திக்கொண்டேதான் இருந்தது.

"அன்னிக்கு உன் கை நடுங்கினதுக்கு நான் பயப்படல மாப்ளே" என்றார் மச்சான். "எங்கிட்ட சொல்லாம மறைச்சியே, அதுக்குத்தான் பயந்தேன்."

சொல்லிவிட்டுக் குண்டண்ணனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். துண்டைத் தானே எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார். குண்டண்ணன் நுரை கட்டி முடிப்பதற்குள் மச்சானிடமிருந்து குறட்டை கிளம்பிவிட்டது.